குழப்படிக் குட்டிகளின் எட்டுக் கிழமை

கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கைபேசியில் பனிவண்டி இழுக்கும் நாய்களைக் காட்டி, “இப்படி ஒரு குட்டி எடுக்கலாமோ, அண்ணை?” என்று என்னிடம் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். சைபீரியக் குளிருக்கென்று ஈரடுக்கு உரோமம் கொண்ட ஹஸ்கிக்குச் சித்திரை வெயில் தண்டனை. உரோமத்தை மழித்துவிட்டாலும் சுகமில்லை. வெயில் தோலில் நேரே படாமல் காப்பதும் அதுதான். அந்த நாயின் துடிப்புத்தான் இவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அது எங்கள் ஊர்க்குட்டிகளிடமும் தாராளமாக உண்டு. உடுவிலில் என் வளவில் பல ஈற்றுக் குட்டிகளை வளர்த்த துணிவில் சொல்கிறேன்: அந்தத் துடிப்பை அடக்கத் தேவையில்லை. முதல் எட்டுக் கிழமைக்குள் அதற்கு வழி காட்டினால் போதும்.

முதல் இரண்டு கிழமையும் வேலை பெரும்பாலும் தாய்க்கு. கண்ணும் காதும் திறவாத குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. மாரியில் சீமெந்து நிலம் குளிரும் என்பதால் சாக்கை மடித்துப் போட்டு மேலே பழைய சேலையை விரிப்பேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் தராசில் நிறுப்பேன். நிறை ஏறாத குட்டியைத் தாயின் பின்முலையில் பிடித்துவிடுவேன். கண் 10 முதல் 14 நாளுக்குள் திறக்கும். சில நாள் கழித்துக் காது கேட்கத் தொடங்கும்.

மூன்றாம் கிழமை முடியக் குழப்படி ஆரம்பம். செருப்பு காணாமற் போகும். கொடியில் காயும் சாரத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். ஒன்றின் காதை ஒன்று கடித்து இழுக்கும். அந்தக் கடிபாட்டைப் பார்த்து, “இனிப் பிரிச்சுக் குடுத்துவிடு” என்று சொல்லாத அயலார் இல்லை. நான் விடமாட்டேன். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி படிப்பது அங்கேதான். அளவு மீறிக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும், விளையாட்டு முடிந்துபோகும். திரும்பத் திரும்ப இது நடக்க, கடி மெதுவாகும். ஐந்தாம் கிழமையில் பிரித்தெடுத்த குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும். பிறகு அது பிள்ளைகளின் கையில் பல்லைப் பதிக்கும்போது ‘விசர்க் குணம்’ என்று பழி வரும்.

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரை பழகும் மனிதரையும் இடத்தையும் குட்டி தன் உலகமாக ஏற்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இங்கே ஒரு சிக்கல். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முழுவதும் போட்டு முடியுமுன் குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. முடியும்வரை உள்ளேயே வைத்திருந்தால் பழகும் காலம் போய்விடும். நான் கடகத்தைப் பயன்படுத்துகிறேன். இரண்டு குட்டியை அதில் வைத்து, நிலத்தில் இறக்காமல் மருதனார்மடச் சந்திவரை கொண்டுபோவேன். கே.கே.எஸ். வீதி பஸ்சின் ஹோர்ன், சந்தை இரைச்சல், ஹெல்மெற் போட்ட முகம், குடை விரியும் சத்தம் எல்லாம் அங்கே கிடைக்கும். கோயில் திருவிழாத் தவிலையும் வெடியையும் முதலில் தூரத்திலிருந்தே கேட்க விடவேண்டும். காதைத் தாழ்த்தினால் அன்றைக்கு அது போதும்.

சாப்பாட்டில் எங்கள் ஊருக்கென்று ஒரு கவனம் உண்டு. வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயம் இல்லாமல் எங்கள் கறி இல்லை. அதே வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே மிச்சக் கறிச்சோறு குட்டிக்கு ஆகாது. நான்காம் கிழமையிலிருந்து குழையவிட்ட சோற்றில், முள் நீக்கி அவித்த மீனைப் பிசைந்து கொடுக்கிறேன். இரண்டாம் கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூச்சி மருந்து. விசர்த் தடுப்பூசி மிருக வைத்தியர் குறிக்கும் நாளில். கட்டில்லாத தோட்டக் கிணறு இருக்கும் வளவுக்குக் கம்பி வேலி அடித்த பிறகுதான் குட்டியை வெளியே விடலாம்.

குழப்படியைப் பற்றிப் பேசும்போது அலாஸ்காவின் டோகோவை நினைப்பேன். செப்பலா என்ற வண்டியோட்டியிடம் பிறந்த அந்த ஹஸ்கிக் குட்டியின் தொல்லை தாங்காமல் வேறு வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது யன்னல் கண்ணாடியை உடைத்துப் பாய்ந்து திரும்பி வந்தது. அணி ஓடும்போதெல்லாம் குறுக்கே புகுந்து குழப்பியது. எட்டாம் மாதத்தில் செப்பலா அதற்கும் வாரைப் பூட்டினார். அன்றே அது அணியின் முன்னுக்கு வந்துவிட்டது. 1925இல் நோம் நகரில் தொண்டைக்கரப்பன் பரவியபோது, மருந்து கொண்டுவந்த தொடரோட்டத்தின் மிக நீண்ட பகுதியில் முன்னோடியது பன்னிரண்டு வயது டோகோதான்.

எங்கள் குட்டிக்கு இழுக்க வண்டி இல்லை; ஆனாலும் வேலை கொடுக்கலாம். சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் மீன்துண்டை ஒளித்து வைத்தால் கால்மணி நேரம் மூக்கு உழைக்கும், பிறகு தானாக நித்திரை கொள்ளும். சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட்டுக் களைக்கப் பண்ணுவது தவறு. எலும்பு முற்ற ஒரு வருடம் ஆகும். ரோசம் வரட்டும் என்று சங்கிலியில் கட்டி வளர்ப்பது அதைவிடத் தவறு. கட்டிய குட்டி பயத்தில் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். கட்டாமல் வளர்த்த நாய்க்குப் படலைக்கு வந்தவர் தபாற்காரரா அந்நியரா என்று பிரித்தறியத் தெரியும்.

குட்டி கேட்டு வருகிறவர்கள் கடுவனைத்தான் கேட்பார்கள். பெட்டை சந்தையடியிலும் கோயிலடியிலும் அநாதையாக விடப்படுவதும் இதனால்தான். பெட்டையை எடுப்பவரிடம் கருத்தடைச் சிகிச்சைக்கு நான் துணை வருவதாகச் சொல்லிக் கொடுக்கிறேன். யார் கேட்டாலும் எட்டுக் கிழமைக்கு முன் ஒன்றையும் கொடுப்பதில்லை. அவசரப்படுகிறவர்களை ஒரு பின்னேரம் வளவில் இருந்து பார்க்கச் சொல்வேன். செருப்பைப் பறிகொடுத்த பிறகும் சிரிக்கிறவருக்குக் குட்டியை நம்பிக் கொடுக்கலாம்.