போண்டா மணக்கும் லாரி

சாலையில் உங்களை ஒரு லாரி முந்திக்கொண்டு போகிறது. வழக்கமான கரும்புகை வரப்போகிறதென்று முன்னெச்சரிக்கையாக மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள். ஆனால் வருவது என்ன? சாயங்கால வேளையில் ஓட்டல் வாசலில் வருமே, அந்தப் போண்டா வாசனை! டிரைவர் உள்ளே அடுப்பு மூட்டியிருக்கிறாரோ என்று சந்தேகப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் சமையல் எண்ணெய் எரிந்தால் அப்படித்தான் மணக்கும். இது கட்டுக்கதை அல்ல. பழைய டீசல் வண்டிகளை இந்த விதமாக ஓட்டுகிறவர்கள் உலகத்தில் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்தது மத்தூரில். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊர் அது. மாங்காய் சீசனைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். மண்டி வாசலில் ஒரு லாரிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சொந்த லாரி, சொந்த டிரைவிங். லாரிக்கு வயது இருபத்தைந்து.

"சார், பேப்பர்ல எழுதுறவரு நீங்க. ஒண்ணு கேக்கறேன், விசாரிச்சுச் சொல்லுங்க. ஓட்டல்ல பொரிச்சு மீந்த எண்ணெயை டின்னு டின்னா விக்கறாங்க. டீசலைவிட சல்லிசு. அதை ஊத்தினா வண்டி ஓடுமா, ஓடாதா?"

அவருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. நடைக்குக் கிடைக்கிற வாடகையில் பாதிக்கு மேல் டாங்கியிலேயே போய்விடுகிறது என்றார். மீதியில்தான் டயர், வரி, இன்ஷூரன்ஸ், கிளீனர் சம்பளம், வீட்டு அரிசி, பெண்ணின் காலேஜ் பீஸ் எல்லாம். அதே சமயம், எஞ்சின் கெட்டுப் போனால் அந்த வேலைக்கு ஆகும் செலவு லாரியை விற்றாலும் கட்டாது. ஆகவே சாமர்த்தியமாக ஒரு பதில் சொல்லிவிட்டு நழுவ எனக்கு மனம் வரவில்லை. விசாரித்தேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது பதில்: ஓடும். சந்தேகமே இல்லை. 1900-ம் வருஷம் பாரீஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனியார் ஒரு சிறு டீசல் எஞ்சினை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். அது குடித்தது வேறொன்றுமில்லை, கடலை எண்ணெய்! ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை விளைகிறதே, அங்கேயே அதில் எஞ்சின் ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு சர்க்கார் அறிய விரும்பியதன் பலன் அது. எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் பிறகு தாமும் பரீட்சை செய்து பார்த்து, தாவர எண்ணெய்க்கு ஒரு காலம் வரும் என்று 1912-ல் எழுதினார். மறு வருஷம், 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறிய மனிதர் நடுக்கடலில் காணாமற் போனார். அவர் சொன்ன காலமும் இன்னும் முழுசாக வந்தபாடில்லை.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துவதால் உண்டாகும் உஷ்ணத்திலேயே, நோசல் வழியாகப் பனிபோல் தூவப்படுகிற எண்ணெய் பற்றிக்கொள்கிறது. 'பனிபோல்' என்பதைக் கவனியுங்கள். தொல்லையெல்லாம் அங்கேதான். டீசலைவிடக் கடலை எண்ணெய் சுமார் பத்து மடங்கு கெட்டி. பனிபோல் தூவ வேண்டியது துளித்துளியாகச் சிந்தும். அரைகுறையாக எரியும். நோசல் முனையில் கரி கட்டும். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். எரியாத எண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்து, நாளடைவில் வெல்லப்பாகு பதத்துக்கு வந்துவிடும்.

இதைப் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். மத்தூரில் பம்ப், நோசல் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரோ இதையே ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "மொத மாசம் சிரிக்க வெக்கும் சார், ஆறாம் மாசம் அழ வெக்கும்!"

பரிகாரம் உண்டா? உண்டு. எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகி வழிக்கு வரும். அதனால் வெளிநாட்டில் லாரிக்கு இரண்டு டாங்கி வைக்கிறார்கள். டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் அந்த வெந்நீரைக் கொண்டே எண்ணெயைக் காய்ச்சி, பிறகு அதற்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவிவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் காலையில் வண்டி நகராது. பழைய எஞ்சின்களாவது இந்தக் கூத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 2020-க்குப் பிறகு வந்த புது லாரிகளோ மகா நாசூக்கு. அவற்றின் நுண்ணிய நோசல்களில் இந்த எண்ணெயைக் காட்டவே கூடாது.

இன்னொரு வழி, எண்ணெயையே மாற்றிவிடுவது. மெத்தனாலும் காரமும் சேர்த்து ரசாயன முறையில் பக்குவம் செய்தால் கிளிசரின் பிரிந்துபோய், மெல்லிய எண்ணெய் மிஞ்சும். அதுதான் பயோடீசல். கெட்டித்தன்மை ஏறக்குறைய டீசலளவுக்கு இறங்கிவிடும். ஆனால் மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம். கொல்லைப்புறத்தில் அண்டா வைத்துச் செய்கிற வேலையல்ல, தொழிற்சாலை வேலை.

நல்ல கடலை எண்ணெயை ஊற்றலாமென்றால், அதன் விலை டீசலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால், சாப்பாட்டுக்கு உதவாத எண்ணெய்? மத்தூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குகின்றன. நாம் புங்கம் என்பதைத் தெலுங்கர் கானுக என்பார்கள், கன்னடியர் ஹொங்கே என்பார்கள். மூன்று பேர் வீட்டிலும் ஒரு காலத்தில் விளக்கெரித்த எண்ணெய். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் உடுப்பி ஸ்ரீநிவாசா அதைக் கொண்டு டீசல் எஞ்சினை ஓட்டலாமென்று கண்டு, 1990-களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் கக்கனஹள்ளி கிராமத்தில் அதைச் செய்தும் காட்டினார். புங்க எண்ணெயில் ஓடிய ஜெனரேட்டர்களின் மின்சாரத்தில் தண்ணீர் இறைத்து, வறண்ட காட்டில் பயிர் பச்சையேறியது.

பம்புக்குச் சரி, லாரிக்கு? வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். பழைய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும், தினம் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 லிட்டர் எண்ணெய் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 4 கிலோ விதை. ஆக, தினம் 200 கிலோ. மரத்துக்கு வருஷத்தில் 25 கிலோ விதை கிடைத்தால், ஒரு நாளைக்கு எட்டு மரம். வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் 2,400 மரம், ஒரே ஒரு லாரிக்கு! காட்டாமணக்குக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 2003-ல் திட்டக் கமிஷன் குழு அதைப் பெரிதாகச் சிபாரிசு செய்தது. 2017-க்குள் 20 சதவிகிதம் கலப்பு என்று 2009-ல் கொள்கை வகுத்தார்கள். விளைச்சல் சொன்னபடி வரவில்லை. 2018-ல் வந்த புதிய கொள்கை, 2030-க்குள் 5 சதவிகிதம் என்று குரலைத் தணித்துக்கொண்டது.

மிஞ்சுவது லாரிக்காரர் கேட்ட அந்தப் பொரித்த எண்ணெய்தான். ஓட்டல்காரர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குத் திக்கென்றது. மீந்த எண்ணெயை வாங்கிப் போகிறவர்களில், அதைச் சோப்புக்கோ பயோடீசலுக்கோ கொண்டுபோகாமல் மலிவு பலகாரக் கடைகளுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டாம். அதாவது, ஓரிடத்தில் கறுத்த எண்ணெய் இன்னோரிடத்தில் மறுபடி வாணலி ஏறுகிறது! திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உடம்புக்குத் தீங்கான பொருள்கள் சேர்கின்றன. அவை 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாதென்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது.

லாரிக்காரருக்கு டெலிபோனில் சொன்னேன்: "அண்ணே, ஓடும். ஆனா ஊத்தாதீங்க. உப்பு, தண்ணி, மாவுத்தூள் எல்லாம் அதுல இருக்கு. லிட்டருக்கு மிச்சம் பிடிக்கறதை நோசலும் ரிங்கும் வட்டியோட வாங்கிக்கும்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப என் வழி பழைய வழிதானா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இனிப்பான பதில் கிடையாது. டயருக்குச் சரியாகக் காற்றடிப்பதும், பில்டரை வேளாவேளைக்கு மாற்றுவதும், வேகத்தை அடக்குவதுந்தான் இன்றைக்கு அவர் கையில் உள்ள சிக்கனம். சொன்னேன். "அது செய்யறேனுங்க" என்று சிரித்தார்.

உங்கள் கையில் உள்ளது வேறு. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட வாணலியில் எண்ணெய் மிஞ்சுமல்லவா? கறுக்கிற வரையில் அதைக் காய்ச்சாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். பாட்டிலில் சேர்த்து, முறையாக வாங்கிப் பயோடீசலுக்கு அனுப்புகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கொடுங்கள். லாரி குடித்தாலும் குடிக்கட்டும். குழந்தையின் பஜ்ஜிக்கு அது திரும்பி வர வேண்டாம்.