காரமெலின் நோட்டு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘ஃபியூரே’ விளையாட்டு நினைவிருக்கும். வட்டமாக உட்கார்ந்து, கயிற்றில் கோத்த மோதிரத்தைக் கைக்குள் மறைத்து அடுத்தவனுக்குத் தள்ளுவோம். நடுவில் நிற்பவன் அது யார் கையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். மோதிரத்தின் பெயர்தான் ஃபியூரே. அது ஒரு பிராணியின் பெயர் என்று மதாம் சொன்னார். எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து அந்தப் பிராணி என் செருப்பைத் திருடியது.

என் மனைவி காலமான மறு வருடம், பாரிசுக்கு வடக்கே இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் போயிருந்தேன். பேத்தி வளர்த்த ஃபியூரேவுக்குக் காரமெல் என்று பெயர். பார்க்கக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் கீரி இல்லை, நம் நீர்நாயின் குடும்பம். முயல் வேட்டைக்காக மனிதன் பழக்கிய பிராணி. கிடைத்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைக்கும். லத்தீனில் ‘திருடன்’ என்ற சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும். விழித்தால் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் குதித்துக் கூத்தாடும்.

அதற்கு ஒரு பாஸ்போர்ட்டும் இருந்தது! ஐரோப்பாவில் நாய், பூனை, ஃபியூரே மூன்றுக்கும் அது உண்டு; வெறிநோய்த் தடுப்பூசி விவரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. நான் விசாவுக்கு வரிசையில் நின்றேன். காரமெல் பாஸ்போர்ட்டோடு சோபாவில் தூங்கியது.

அப்போது அதற்கு ஆறு வயது முடிந்திருந்தது. ஃபியூரேவுக்கு அது முதுமை. நான் போன இரண்டாம் வாரம், நடந்துகொண்டிருந்தது அப்படியே நின்று சுவரை வெறித்தது. வாயில் எச்சில் ஒழுகியது, முன்னங்காலால் வாயைப் பிராண்டியது. பின்னங்கால்கள் துவண்டன. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி இருக்கும் என்றார். அது இன்சுலினை அளவுக்கு மேல் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வயதான ஃபியூரேக்களுக்கு அடிக்கடி வருகிற வியாதியாம். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றார்.

எனக்குச் சர்க்கரை ஏறும் வியாதி, அதற்கு இறங்கும் வியாதி. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் மாத்திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான். காலையும் மாலையும் பிரெட்னிசொலோன். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை இறைச்சிக் கூழ். இனிப்பு கூடாது, மயங்கி விழுந்தால் மட்டும் ஈறில் துளி தேன் தடவி, தெளிந்ததும் உடனே கூழ் கொடுக்க வேண்டும். ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் கோடு போட்டு நேரம், உணவு, மருந்து, குறிப்பு என்று நான்கு கட்டம் பிரித்தேன். பேத்திக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் பிரெஞ்சில் எழுதினேன். அதுவரை தொடத் தயங்கியவன் நான். அந்தக் கூழ் வேளைகளில்தான் அது என் மடியில் தூங்கப் பழகியது.

ஆறு வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு மாத்திரை அளவைக் கூட்டியும் பயனில்லை. “இனி ஊசி போட்டுத் தூங்க வைப்பதைப் பற்றி யோசியுங்கள்” என்றார் மருத்துவர். மகள் என்னைப் பார்த்தாள்.

“அதன் காலம் வரும்போது போகட்டும்மா. உயிரை எடுக்க நாம் யார்?” என்றேன்.

வீட்டில் பெரியவன் சொல். யாரும் மறுத்துப் பேசவில்லை. உண்மையில் எனக்குத் தர்மம் பெரிதாக இல்லை. என் மனைவியின் கடைசி நாள்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் நான். இன்னொரு முறை விடைகொடுக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் போயிற்று. ஒரு சனிக்கிழமை பேத்தி நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தாள். படித்து முடித்துவிட்டு அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: “தாத்தா, இந்தப் பக்கத்துல நல்ல நாள் எது?”

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். முதல் வாரக் குறிப்பில் ‘விளையாடியது’, ‘சாக்ஸ் திருடியது’. கடைசிப் பக்கத்தில் ‘வலிப்பு’, ‘வலிப்பு’, ‘எழவில்லை’, ‘கூழ் வேண்டாம் என்றது’. பத்து நாளில் நல்ல நாள் ஒன்றுகூட இல்லை. ஆபீஸில் மற்றவர்களுக்குச் சொல்வேன், கோப்பை ஒழுங்காகப் படித்தால் முடிவு அதிலேயே இருக்கும் என்று. என் கோப்பை நானே படிக்கவில்லை.

திங்கட்கிழமை போனோம். முதலில் மயக்க ஊசி போட்டார்கள், பிறகு மற்றது. பேத்தி மடியில் வைத்திருந்தாள். என் விரல் அதன் நெற்றியில் இருந்தது. துடிக்கவில்லை. நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. நான் பயப்படாததுதான் முந்தின பத்து நாளில் நடந்திருந்தது.

இதை வாசிக்கும் உங்களில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் பலர் இருப்பீர்கள். அதற்கு வயதாகும்போது ஒரு நோட்டுப் போடுங்கள். நல்ல நாள், கெட்ட நாள் என்று எழுதுங்கள். எழுதினால் போதாது, வாரம் ஒரு முறை திருப்பிப் படியுங்கள். அந்தப் பிராணி வாய் திறந்து சொல்லாது. நம் மனசும் நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

ஊருக்குப் புறப்படப் பெட்டி கட்டும்போது மகள் சோபாவை நகர்த்தினாள். பின்னால் நான்கு சாக்ஸ், ஒரு சாவி, என் இடது கால் செருப்பு. செருப்பைக் கொண்டு வந்துவிட்டேன். நோட்டைக் கொண்டு வரவில்லை. பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பேத்தி தன் மேசை அறையில் வைத்திருக்கிறாள்.