பாக் போட்ட மனு

டிஸ்கி: இது பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டும் ஒரு சாதாரண ரசிகனின் பதிவு. இசை படித்தவர்கள் பொறுத்தருள்க :-)

"மைசூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு பாக்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இந்த ஊரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையாரைப் பற்றி அவருக்குத் தெரியாது போல. 94 கர்நாடக இசைக் கிருதிகள் இயற்றியவர் அவர். அதே கையால் லண்டனில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசையைப் பதிவு செய்யப் பணமும் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குத்தான் சமர்ப்பித்தார். ஆக, ஊர்ப் பொருத்தம் சரியாகவே இருக்கிறது.

நம் கச்சேரியில் பாடகர் முன்னே போவார், வயலின் நிழல் மாதிரி பின்னே வரும். பாக்கின் 'ஃப்யூக்' அப்படியில்லை. ஒரு குரல் ஒரு சின்ன மெட்டைப் பாடும். இரண்டாவது குரல் அதையே, பெரும்பாலும் பஞ்சமத்தில், எடுக்கும். முதல் குரல் அப்போது வாயை மூடாது, வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. யாரும் பக்கவாத்தியம் கிடையாது, எல்லோருமே மெயின்தான்.

எங்கள் கிளை கவுன்டரிலும் கன்னடம், தமிழ், உருது எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அது வெறும் சத்தம். பாக்கிடம் அது சங்கீதமாவதற்குக் காரணம் கறாரான விதிகள். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இரண்டு குரல்கள் ச-ப இடைவெளியில் ஒட்டிக்கொண்டே சேர்ந்து நகரக்கூடாது. கேட்க இனிமையாகத்தானே இருக்கும் என்பீர்கள். பிரச்சினையே அதுதான். அந்த இனிமையில் இரண்டும் கரைந்து ஒரே குரலாகிவிடும். சேர்ந்து பாட வேண்டும், ஆனால் தன் வழியைத் தொலைக்கக்கூடாது. வெளியே கன்னடமும் வீட்டில் தமிழுமாக வாழ்கிறவனுக்கு இந்த விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது 'பி மைனர் மாஸ்' கதைக்கு வருகிறேன். 1733-ல் பாக் இதன் முதல் இரண்டு பகுதிகளான கீரியே, குளோரியாவை டிரெஸ்டன் மன்னருக்கு அனுப்பினார். கூடவே ஒரு மனு: லைப்சிக்கில் எனக்கு மரியாதை இல்லை, வருமானமும் குறைகிறது, அரசவைப் பட்டம் தாருங்கள் என்று. நம் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் மாதிரியேதான். பட்டம் வந்து சேர 1736 ஆனது. அங்கேயும் ஃபைல் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது!

அப்படியானால் இது பக்தியா, பிழைப்பா? ரொம்ப நாள் எனக்குள் ஓடிய கேள்வி இது. பதில் சொல்வது அவருடைய கடைசி வருடங்கள்தான். 1748-49-ல், பார்வை மங்கிக்கொண்டிருந்தபோது, அதே மாஸை முழுமையாக்கினார். அவர் லூத்தரன். எழுதியதோ கத்தோலிக்கர்களின் முழு லத்தீன் வழிபாடு. கேட்டவர் யார், கூலி யார் என்று சொல்லும் ஆதாரம் உறுதியாக எதுவுமில்லை. 1750-ல் இறந்துபோனார். அவர் காலத்தில் முழுவதுமாக இது அரங்கேறியதாகத் தெரியவில்லை. பட்டத்துக்காக ஆரம்பித்ததை எதற்காகவும் அல்லாமல் முடித்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்பவர்கள் கடைசிப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 'எங்களுக்கு அமைதி தா' என்ற வேண்டுதல் அது. அடிக்குரல்கள் தொடங்கும், டெனர், ஆல்டோ, சொப்ரானோ ஒவ்வொன்றாக மேலே ஏறும், கடைசியில் டிரம்பெட்டும் சேரும். பிறகு குளோரியா பகுதியில் 'உமக்கு நன்றி' என்று வரும் பாட்டைக் கேளுங்கள். அதே மெட்டு!

தினமும் மனுக்களைப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. மனு போடும்போதே நன்றியும் சொல்லிவிட்ட ஆளை இவரிடம்தான் பார்த்தேன்.