'காட்ஃபாதர்' சிசிலி: மைக்கேல் பெண் கேட்ட கடையும், நிஜ கோர்லியோனின் கண்ணீரும்!

இத்தாலியின் சிசிலித் தீவில், கடலைப் பார்த்தபடி மலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு கிராமம் சவோக்கா. இங்கே வரும் டூரிஸ்ட்களில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது கோயிலையோ கோட்டையையோ அல்ல, ஒரு கடையை. 'பார் விட்டெல்லி' என்ற பலகை தொங்கும் அந்தப் பழைய கல் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து, எலுமிச்சை கிரானிட்டா சாப்பிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டால்தான் பயணம் நிறைவு!

காரணம், 'தி காட்ஃபாதர்'. 1972-ல் வெளியாகி, சிறந்த படம், சிறந்த நடிகர் (மார்லன் பிராண்டோ), சிறந்த தழுவல் திரைக்கதை என 3 ஆஸ்கர்களை வென்ற படம். நம்ம ஊர் 'நாயகன்' (1987) வரை அதன் பாதிப்பு நீண்டது.

கோர்லியோன் அல்ல, சவோக்கா!

கதைப்படி, நியூயார்க்கில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டுத் தப்பிக்கும் மைக்கேல் (அல் பசினோ), சிசிலியில் அப்பாவின் சொந்த ஊரான கோர்லியோன் பக்கம் ஒளிந்திருப்பார். கோர்லியோன் என்பது நிஜ ஊர்தான். ஆனால், 1971-ல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா படமெடுக்கப் போனபோது அந்த ஊர் நவீனமாகிவிட்டிருந்தது. 1940-களின் கிராமம் வேண்டுமென்பதால், தீவின் மறுகோடியில் இருக்கும் சவோக்காவையும் பக்கத்து ஊரான ஃபோர்சா தாக்ரோவையும் தேர்ந்தெடுத்தார்.

மைக்கேல் - அப்போலோனியா கல்யாணம் நடக்கும் சான் நிக்கோலோ தேவாலயம், கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். அப்போலோனியா கார் குண்டுக்குப் பலியாகும் பழைய மாளிகை, தெற்கே ஃபியூமெஃபிரெட்டோவில் இருக்கிறது. அடுத்த இரண்டு பாகங்களிலும் அதே மாளிகை வரும்.

அது பெண் கேட்ட காட்சியா?

பார் விட்டெல்லியில் எடுக்கப்பட்ட காட்சி பலருக்கும் மனப்பாடம். வழியில் பார்த்த அழகியைப் பற்றி மைக்கேலின் மெய்க்காப்பாளர்கள் வர்ணிக்க, கடைக்காரரின் முகம் சிவக்கிறது. அந்தப் பெண் அவருடைய மகள்! மைக்கேல் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, குடும்பத்தார் முன்னிலையில் அவளைச் சந்திக்க அனுமதி கேட்கிறார். முதல்முறை பார்ப்பவர்களுக்கு, 'என்னா கெத்து!' என்று தோன்றும்.

இத்தனை ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தால், அதே காட்சி வேறு மாதிரி தெரிகிறது. தன்னைக் காட்டிக்கொடுத்தால் பணம் கிடைக்கும், ஆனால் உங்கள் மகள் அப்பாவை இழப்பாள் என்றும் அந்த அப்பாவிடம் மைக்கேல் சொல்கிறார். குரல் உயரவில்லை. சம்பந்தம் பேசும் தொனியிலேயே ஒரு கொலை மிரட்டல்! மகளின் விருப்பத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. மைக்கேலுக்கு வைத்த குண்டில் கடைசியில் சாவது அவள்தான்.

ஊரில் ஆண்களே இல்லையே என்று மைக்கேல் கேட்கும்போது, பழிக்குப்பழியில் செத்துவிட்டார்கள் என்று பதில் வருமே... அந்த இடத்தையும் இளவயதில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

நிஜ கோர்லியோன்

படத்தின் டான், போதைப்பொருள் வியாபாரம் வேண்டாம் என்பார். நிஜ மாஃபியா அப்படி இல்லை. ஹெராயின் பணத்தில் கொழித்தது. படம் வெளியான அடுத்த இருபது ஆண்டுகளில், கோர்லியோனைச் சேர்ந்த டோட்டோ ரீனாவின் கும்பல் சிசிலி மாஃபியாவையே கைப்பற்றி, போட்டியாளர்கள், போலீஸார், நீதிபதிகள் எனப் பலரைக் கொன்றது.

1986-ல் பலெர்மோவில் தொடங்கிய மாபெரும் வழக்கில் 400-க்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்கள், விசாரணை நீதிபதிகள் ஜியோவானி ஃபால்கோனேவும் பாவ்லோ போர்செல்லினோவும். 1992 மே 23 அன்று, விமான நிலையத்திலிருந்து பலெர்மோ செல்லும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற இடத்தில் குண்டு வெடித்தது. ஃபால்கோனே, அவர் மனைவி, 3 காவலர்கள் இறந்தனர். 57 நாள்களில் போர்செல்லினோவும் 5 காவலர்களும் இன்னொரு குண்டுக்குப் பலியாயினர். மறு ஆண்டு ரீனா பிடிபட்டார்.

இன்று கோர்லியோனில் 2000-ல் திறக்கப்பட்ட மாஃபியா எதிர்ப்பு மையம் இருக்கிறது. அந்த மாபெரும் வழக்கின் ஆவணங்கள் அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. புகைப்படக் கலைஞர் லெட்டிஸியா பட்டாலியா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் உண்டு. தெருவில் கிடக்கும் உடல்கள், கதறும் பெண்கள்... பின்னணி இசை இல்லை, ஸ்டைல் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்கு...

சவோக்காவுக்கு கட்டானியா விமான நிலையத்தில் இறங்கி, டார்மினா வழியாகப் போகலாம். கோர்லியோனுக்கு பலெர்மோதான் வசதி. இரண்டையும் பார்ப்பது நல்லது. ஒன்று நாம் ரசித்த கதை, மற்றொன்று அந்த மக்கள் கொடுத்த விலை.

பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கும்போது பெயர்ப் பலகையைக் கொஞ்சம் கவனியுங்கள். உலகம் டான் கோர்லியோனின் பெயரைக் கொண்டாடுகிறது. சிசிலி தன் வாசலில் எழுதி வைத்திருப்பது, ஃபால்கோனே - போர்செல்லினோ என்ற பெயர்களைத்தான்!