றியாலில் எண்ணிப் பார்

கல்முனைக்குடி
2025.10.24, வெள்ளி

அன்புத் தம்பிக்கு,



இந்தக் கிழமை பங்குச் சந்தை எவ்வளவு ஏறியது, எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் கிடைத்தது. போனில் பதில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு மீதிக்கு "ஓம் ராத்தா, ஓம் ராத்தா" என்று தலையாட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வீட்டுப் பொடியன் திங்கட்கிழமை தோஹாவுக்குப் புறப்படுகிறான். அவன் பையில் இது வரும்.

இந்தக் கிழமைப் புள்ளியை நான் எழுதப் போவதில்லை. ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்து சாப்பிட்டு எழும்ப, இரண்டரை மணிக்குச் சந்தை மூடிவிடும். மூடிய கையோடு அந்த இலக்கம் உன் போனுக்கு வந்துவிடும். உனக்கு வேண்டியது வேறு கணக்கு. ஒரு கொப்பியை எடு.

2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,400 புள்ளியைத் தாண்டி நின்றது. டொலர் அப்போது 200 ரூபாய் சொச்சம். பிறகு நடந்ததை நீ அங்கிருந்து பார்த்தாய், நாங்கள் இங்கு வரிசையில் நின்று பார்த்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. ஏப்ரலில் வருடப்பிறப்பு லீவு முடிந்தும் பங்குச் சந்தையை ஐந்து நாள் திறக்கவில்லை. 25ஆம் திகதி திறந்தார்கள், அன்றே விழுந்த வேகத்தில் வியாபாரத்தை நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியில் சுட்டெண் 8,490 அளவில் நின்றது. 2023 முடிய 10,650. 2024 முடிய 15,900க்கு மேல். இந்த ஆகஸ்டில் 20,000ஐத் தாண்டியது. பேப்பர்காரர் வரலாற்றுச் சாதனை என்று போட்டார்கள், உன் அறையில் இருக்கிற பொடியன்மாருக்கும் அன்றிலிருந்துதான் நித்திரை இல்லை.

சாதனைதான். ஆனால் நீ சம்பளம் எடுப்பது ரூபாயிலா? கட்டார் றியாலை 2001 தொடக்கம் ஒரு டொலருக்கு 3.64 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே 2022 ஜனவரியில் உன் றியால் ஒன்று ஏறத்தாழ 55 ரூபாய், இந்த ஆகஸ்டில் ஏறத்தாழ 83 ரூபாய். 13,400ஐ 55ஆல் பிரி. 20,000ஐ 83ஆல் பிரி. இரண்டுக்கும் 240 சொச்சம்தான் வரும். ரூபாய்க்காரனுக்குச் சந்தை ஒன்றரை மடங்காகியது. றியால்காரனுக்கு மூன்றரை வருடம் இருந்த இடத்திலேயே இருந்தது. இடையில் வந்த பங்கிலாபம் மட்டும் மிச்சம், அதிலும் நூற்றுக்கு 15ஐ வரியாகக் கழித்துத்தான் தருவார்கள்.

இன்னொன்றும் போட்டுப் பார். 2022 கடைசியில் டொலர் 363, றியால் கிட்டத்தட்ட நூறு ரூபாய். 8,490ஐ நூறால் பிரித்தால் 85. அன்றைக்குப் போட்ட றியால் இந்த ஆகஸ்டில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் உனக்கு யாராவது "வாங்கு" என்று மெசேஜ் போட்டார்களா? ஒருவரும் இல்லை. நீயே அப்போது வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற காசை வங்கியால் அனுப்புவதா, உண்டியலில் அனுப்புவதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இதைவிட நீண்ட கதையும் உண்டு. யுத்தம் முடிந்த கையோடு சந்தை பறந்தது. 2011 பெப்ரவரியில் 7,800 வரை போனது. என்னோடு படிப்பித்த ஒருவர் பென்ஷன் காசில் ஒரு பங்கை அந்த உச்சியில் வாங்கினார். அடுத்த வருடம் நடுப்பகுதியில் சுட்டெண் ஐயாயிரத்துக்கும் கீழே. சந்தையில் விளையாடியவர்களை விசாரிக்கிற சர்ச்சைக்கு நடுவில் பங்குகள் ஆணைக்குழுவின் தலைவராக இருந்த இந்திராணி சுகததாச 2011 கடைசியில் விலகினார், அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்னவும் 2012இல் விலகினார். சுட்டெண் திரும்பவும் அந்த 7,800ஐத் தாண்டியது 2021 ஜனவரியில். பத்து வருடம்! அதற்குள் டொலர் 111இலிருந்து 190 சொச்சத்துக்குப் போய்விட்டது. அந்த மனுஷன் இப்போதும் காலையில் பேப்பரில் பங்குப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார், அது வேறு விஷயம்.

இனி உன் வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு திங்களும் ஒரு பங்கின் பெயர், வெள்ளிக்கிழமை "விற்று வெளியே வா" என்று ஒரு செய்தி. நல்ல யாவாரம்தான், தரகருக்கு. தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரசாங்க வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது இன்னொரு 1.12 வீதம். ஒரு லட்சம் ரூபாயைக் கிழமைக்கு ஒரு தரம் போட்டு எடுத்தால் 2,240 ரூபாய் போகிறது. ஐம்பது கிழமைக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்! முதலை விட அதிகம். அவ்வளவையும் சம்பாதித்த பிறகுதான் உனக்கு முதலாவது ரூபாய் லாபம். இதை நான் சொல்லவில்லை, உன் மூத்தவள் கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, வாப்பாட்ட சொல்லுங்க" என்றாள்.

ஜோன் கீல்ஸ் இருபது சொச்சம் ரூபாய்தானே, மலிவுதானே என்றும் கேட்டிருந்தாய். தம்பி, போன வருடம் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள். முன்பு இருநூறு ரூபாய் அளவில் இருந்த ஒன்று இப்போது இருபது ரூபாய்ப்படி பத்து. பங்கின் விலை சின்னதாகத் தெரிகிறது என்பதற்காகக் கம்பனி மலிந்துவிடாது. அதை விட முக்கியம், இந்த ஆகஸ்டில் அவர்கள் கொழும்பில் திறந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் ஹோட்டலுக்குள் சூதாட்டக் கூடம் இருக்கிறது. நடத்துவது மெல்கோ என்கிற வெளிநாட்டுக் கம்பனி, இடம் இவர்களுடையது. இது நமக்கு ஆகுமா ஆகாதா என்று நான் ஃபத்வா கொடுக்க மாட்டேன். மார்க்கம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் தொடாதே.

சாராயக் கம்பனி, சிகரட் கம்பனி, வட்டி வங்கி ஆகாது என்பது உனக்கே தெரியும். மற்றவற்றுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் நூற்றுக்கு 30ஐத் தாண்டக் கூடாது, ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 5ஐத் தாண்டக் கூடாது. அந்த ஐந்துக்குள் இருந்தாலும், உன் கைக்கு வருகிற பங்கிலாபத்தில் அந்தப் பகுதியைக் கணக்குப் பார்த்து ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஷரீஆப்படி பார்த்துத் தேறிய பங்குகளின் பட்டியல் தரகர்களிடம் கேட்டால் கிடைக்கும். பழைய பட்டியலைத் தந்து ஏமாற்ற விடாதே, கம்பனியின் கடன் ஏற ஏற பெயர் உள்ளே வெளியே போய் வரும்.

மச்சியின் கதையையும் எழுதிவிடுகிறேன். பவுண் விலை ஏறுகிறது, இருக்கிற காசுக்கெல்லாம் காப்பு வாங்குவோம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இந்த மாதம் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் முதல் தடவையாக 4,000 டொலரைத் தாண்டியது. அந்த வேகத்தில் கிளம்பியவளை இரண்டு நாள் பொறு என்றேன். 21ஆம் திகதி செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விழுந்தது. இப்போது என்னைப் பெரிய ஞானி போலப் பார்க்கிறாள். எனக்கு அது விழும் என்று தெரிந்தா சொன்னேன்? நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போவதைப் பார்த்துச் சொன்னேன். போட்டுத் திரிய ஆசை என்றால் காப்பு வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. சேமிப்பு என்றால் காசை வேறு விதமாக வைக்கட்டும். சேமிப்பாக வைத்த தங்கம் 85 கிராமுக்கு, நம் கணக்கில் பத்தரைப் பவுணுக்குக் கொஞ்சம் மேலே, போய் வருடம் நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை ஸகாத் உண்டு என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாப்பாவின் வயலை விற்றுச் சந்தையில் போட்டால் என்ன என்று கேட்டாயே, அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. வயலில் லாபம் கொட்டவில்லை, உண்மை. பெப்ரவரியில் அரசாங்கம் நாடு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று விலை சொன்னபோது உரத்துக்கும் வெட்டுக் கூலிக்கும் இது காணாது என்று வட்டையில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். இருந்தாலும் அந்தக் குத்தகை நெல்லில்தான் 2022இல் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உன்னிடம் இரண்டு வகைக் காசு இருக்கிறது. ஒன்று, மூத்தவளுக்குக் கட்ட வேண்டிய வீட்டுக் காசு. பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் நம்மூரில் மாப்பிள்ளை பேச முடியாது. இது சரியா பிழையா என்று நானும் நீயும் எத்தனையோ இரவு சண்டை பிடித்திருக்கிறோம், இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கட்டத்தான் போகிறாய். அதற்கு நாள் குறித்தாயிற்று. 2022இல் சீமெந்து மூடை ஒன்று மூவாயிரம் ரூபாயை நெருங்கியது ஞாபகம் இருக்கிறதா? மேசன் வந்து நிற்கிற அன்றைக்குச் சந்தை 2012 போலக் கிடந்தால் என்ன செய்வாய், பங்கைக் காட்டியா அத்திவாரம் போடுவாய்? அந்தக் காசில் ஒரு சதமும் சந்தைக்குப் போகக் கூடாது. கம்பியையும் மண்ணையும் இப்போதே வாங்கிப் போட்டாலும் சரி.

மற்றது, நாள் குறிக்காத காசு. ஓவர்டைமில் மிஞ்சுவது. அதில் மாதம் ஒரு சின்னத் தொகையை, விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே அளவில், பட்டியலில் உள்ள மூன்று நான்கு கம்பனிகளுக்குப் போட்டுவா. ஐந்து ஆறு வருடத்துக்குக் கண்டுகொள்ளாதே. 2022 போல இன்னொன்று வந்தால் அப்போதும் நிறுத்தாதே, அதற்காகத்தான் இந்த முறையே. வெளிநாட்டில் இருக்கிற இலங்கையருக்கு உள்முக முதலீட்டுக் கணக்கு என்று வங்கிகளில் ஒன்று உண்டு. அதற்குள்ளால் போட்ட காசை, விற்றால் திரும்பவும் வெளிநாட்டுக் காசாக எடுக்கலாம். உன் விசாவுக்கு அது சரிவருமா என்று அங்கிருந்தே உன் வங்கிக்கு எழுதிக் கேள். தனி ஆள் ஒருவரின் கணக்குக்குக் காசு போடச் சொல்கிற எவனுக்கும் பதில் போடாதே. தரகர் நிலையம் அப்படிக் கேட்காது.

கணக்குத் திறக்க உன் அடையாள அட்டையினதும் பாஸ்போட்டினதும் கொப்பி தேவைப்படும். அதை எனக்கு மட்டும் அனுப்பு, அந்தக் குழுவில் போட்டு வைக்காதே.

மூத்தவளுக்கு நவம்பர் 10ஆம் திகதி ஏ.எல். தொடங்குகிறது. கணக்கீட்டில் பயமில்லை, பொருளியலில்தான் இரவு இரவாக இருக்கிறாள். பரீட்சை முடியும் வரைக்கும் ஒன்பது மணிக்குப் பிறகு வீடியோ கோல் எடுக்காதே. துஆ செய்.

இப்படிக்கு,
உன் ராத்தா