ஹம்மை விரட்டிய அண்ணனுக்கு



ஹட்டன் டவுனில் ரேடியோ திருத்திக்கொண்டே எங்களுக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் மேசையில் ஈயம் வைக்கப் பழகிய தோட்டத்துப் பையன்கள் எல்லோருக்குமாக இந்தத் திறந்த மடல்.

லயத்தில் கரண்ட் இல்லாத நாளில் கார் பேட்டரியில்தான் பாட்டு. சார்ஜ் போட டவுனுக்குத் தூக்கி வர வேண்டும். ஆனால் பாட்டுக்கு அடியில் முனகல் கிடையாது. லக்சபானவில் 1950இலேயே மின்சாரம் எடுத்தார்கள். பக்கத்து மலை லயங்களுக்கு அது வந்துசேர்ந்த தாமதம் வேறு கதை, வயிற்றெரிச்சல் கதை. வந்தபோது ஹம் என்ற அந்த முனகலையும் கூட்டிக்கொண்டு வந்தது.

எல்.ஏ. 4440 ஐசி, 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர், நாலு டயோட். அன்று எங்கள் அம்ப் எல்லாம் இவ்வளவுதான். ஹம் வந்தால் இன்னும் பெரிய கெப்பாசிட்டர் வாங்கு என்பார்கள். நீங்களோ, "காச கெப்பாசிட்டர்ல கொட்டாத தம்பி, வயர் எங்க ஓடுதுன்னு பாரு" என்பீர்கள். முதலில் இன்புட்டை ஷோர்ட் பண்ணிக் கேட்பீர்கள். சத்தம் நின்றால் கோளாறு இன்புட் வயரில். நிற்காவிட்டால் பேட்டரியில் போட்டுப் பார்ப்பீர்கள். அப்போது நின்றால் சப்ளைப் பக்கம். அடித்தொண்டை முனகல் என்றால் 50 ஹேர்ட்ஸ், ட்ரான்ஸ்போமரின் காந்தம் இன்புட்டில் ஏறுகிறது. கொஞ்சம் உயர்ந்த, முரட்டு இரைச்சல் என்றால் 100, டயோட் பக்கத்து வேலை. காதாலேயே பிரித்துவிடுவீர்கள்.

எர்த் விஷயத்தில்தான் உங்களுக்குப் பிடிவாதம் அதிகம். டயோட்டிலிருந்து கெப்பாசிட்டருக்குக் கரண்ட் சீராக ஓடுவதில்லை. விநாடிக்கு 100 தடவை வெட்டி வெட்டிப் பாய்கிறது. அது ஓடும் வயரிலேயே இன்புட் எர்த்தையும் தொங்கவிட்டால், மேல் லயத்தில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கீழ் லயத்தில் தண்ணீர் தடுமாறுகிற கதைதான். வயரில் விழுவது ஒரு மில்லிவோல்ட்டாக இருக்கலாம். அந்த ஐசி அதை 300 மடங்குக்கு மேல் பெருக்கி ஸ்பீக்கரில் கொட்டும். அதனால் கெப்பாசிட்டரின் மைனஸிலிருந்து ஒரு குட்டி வயர் தள்ளி ஒரு புள்ளி வைப்பீர்கள். ஸ்பீக்கர், ஐசி, இன்புட் மூன்றின் எர்த்தும் தனித்தனி வயராக அங்கேதான் வந்து சேர வேண்டும்.

ஏசி வயர் இரண்டையும் இறுக்க முறுக்கிப் பெட்டி மூலையோடு ஒட்டவைப்பது, ஷீல்ட் வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் பற்றவைப்பது, வொலியூம் கன்ட்ரோலின் உடம்பை எர்த் பண்ணுவது எல்லாம் உங்கள் கைப்பழக்கம். ட்ரான்ஸ்போமரை மட்டும் உடனே முடுக்க மாட்டீர்கள். செட்டைப் போட்டுவிட்டு அதை மெல்லத் திருப்பித் திருப்பிக் கேட்டு, முனகல் அடங்குகிற கோணத்தில்தான் துளை போடுவீர்கள்.

பிளக்கின் எர்த் வயரை வெட்டினால் ஹம் போகும் என்று ஒருவன் சொன்னபோது உங்களுக்கு வந்த கோபம் மறக்காது. தகரப் பெட்டி, மழை ஈரம், கோயில் திருவிழாவில் வெறுங்காலோடு மைக் பிடிக்கும் பூசாரி. எந்த ஹம்முக்காகவும் அந்த வயரில் கை வைக்கக் கூடாது என்று அன்றே சட்டம் போட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள் அண்ணே. இப்போதைய பையன்கள் ரெடிமேட் போர்ட் வாங்கிப் பூட்டுகிறார்கள். ஹம் மட்டும் அதே ஹம். நீங்கள் சிகரெட் அட்டையின் பின்புறம் வரைந்து காட்டுவீர்களே, அந்த வயர் படங்களைத் திரும்ப வரைந்து தாருங்கள். அச்சுச் செலவு என்னுடையது.