விடுமுறைக்கு எங்கே போவது?

தவணை முடிந்து பாடசாலைக் கதவு மூடப்படும் நாள் பிள்ளைகளுக்குத் திருநாள். பெற்றோருக்கோ அது ஒரு சோதனையின் தொடக்கநாள். "இந்த விடுமுறைக்கு எங்கே போவது?" என்ற வினா அன்று மாலையே வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தின் நடுவில் சம்மணமிட்டு அமர்ந்துவிடுகின்றது. வினா ஒன்றுதான். விடையோ வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கைக்குக் குறைவதில்லை. ஒருவருக்கு மலை வேண்டும். ஒருவருக்குக் கடல் வேண்டும். இன்னொருவருக்கு எதுவுமே வேண்டாம், உறக்கம் ஒன்றே போதும். இத்தனை விருப்பங்களையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்வது எங்ஙனம்? 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நமது யாழ்ப்பாணத்து வீட்டில் இது பற்றி நாம் கற்ற பாடத்தை வாசகர்களுக்குச் சொல்லலாம் என எண்ணுகின்றோம். அப்பாடத்தைச் சிறிது காலம் தாழ்த்தியே கற்றோம் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அதுவரை நமது வீட்டில் விடுமுறைத் திட்டம் வகுக்கும் முறை மிக எளியது. உரத்துப் பேசியவர் வென்றார்; மற்றவர் பெட்டியை அடுக்கினர். இவ்வாறே ஒரு முறை கண்டிக்குப் போனோம். 2016 ஆம் ஆண்டு நுவரெலியாவில் ஒரு வீட்டை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். குளிர், பூக்கள், தேயிலைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் கண்டு மகிழ்ந்து திரும்பினோம் என்றே நாம் நண்பர்களிடம் சொல்லிவந்தோம். நமது மனைவியார் அப்பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததன் பொருளை நாம் ஆராயவுமில்லை.

நமது தாயார் இப்பயணங்கள் எவற்றிலும் கலந்துகொண்டதில்லை. "எனக்கு எங்கேயும் வேண்டாம், தம்பி. நீங்கள் போய் வாருங்கோ. வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமோ?" என்பார். முழங்கால் நோவும் முதுமையும் உள்ளவர் சொல்வது நியாயந்தானே என்று நாமும் நம்பினோம். நம்புவது நமக்கு வசதியாகவும் இருந்தது.

அவ்வாண்டு பிள்ளைகள் மூவரும் வளர்ந்துவிட்டமையால் போர் கடுமையாயிற்று. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன், எல்லவுக்குப் போகவேண்டும், ஒன்பது வளைவுப் பாலத்தில் புகையிரதம் போவதைப் பார்க்கவேண்டும் என்றான். 1921 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தை அவனுடைய தோழர் பலர் பார்த்துவிட்டார்களாம். பன்னிரண்டு வயது மகள் கடல் வேண்டும் என்றாள். "யாழ்ப்பாணத்தில் இல்லாத கடலா?" என்று அண்ணன் கேலி செய்ய, அவள் கண்ணீர் விட்டாள். எட்டு வயதுச் சின்னவன், தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கன்றி வேறெங்கும் வரமாட்டேன் என்று மேசைக்கடியிற் புகுந்துகொண்டான்.

கந்தோரில் கூட்டம் நடத்திப் பழகிய நாம், இதற்கும் ஒரு முறை கண்டோம். முதலில் எல்லைகளைச் சொன்னோம். மூத்தவனின் வகுப்புகள் காரணமாக நான்கு நாட்களே உண்டு. செலவுக்கு ஒதுக்கிய தொகை இவ்வளவு என்று காசையே எண்ணிக் காட்டினோம். நல்லூர்க் கந்தனின் கொடியேற்றத்துக்கு முன்னர் வீடு திரும்பிவிடவேண்டும். கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாட்களும் தாயார் கோயிலை விட்டு அசையமாட்டார், வீட்டில் மச்சமும் புழங்காது. இவற்றைக் கேட்ட பின் பிள்ளைகளின் குரல் சற்றே தணிந்தது. காசும் நாளும் எவ்வளவு என்று தெரியாதபோதுதான் ஆசை அளவின்றி வளர்கின்றது போலும்.

பின்பு ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்து, இரண்டு வினாக்களுக்கு விடை எழுதச் சொன்னோம். எங்கே போக விருப்பம்? அங்கே போய் என்ன செய்ய விருப்பம்? இரண்டாவது வினாவை, கடிதம் எழுதும்போது பிற்குறிப்பு சேர்ப்பதுபோல, பெரிதாக எண்ணாமலே சேர்த்தோம். வழி திறந்தது அதனாலேயே.

மூத்தவன் எல்ல என்று எழுதி, அதன் கீழ், "நீண்டதூரம் புகையிரதத்தில் போகவேண்டும், நானே சீட்டு எடுத்து, நானே எல்லாம் பார்க்கவேண்டும்" என்று எழுதியிருந்தான். மகள், "நிறமீன்களையும் முருகைக்கற்களையும் தண்ணீருக்குள் பார்க்கவேண்டும்" என்று எழுதியிருந்தாள். யாழ்ப்பாணத்துக் கடல் அவளுக்குப் போதாமையின் காரணம் அப்பொழுதுதான் புரிந்தது. சின்னவனின் துண்டில், "மிருகத்துக்குப் பக்கத்தில் நிற்கவேணும். கம்பி வேண்டாம்" என்று இருந்தது. கம்பியில்லாத மிருகக்காட்சிச்சாலையைத் தெகிவளையில் எங்ஙனம் தேடுவது!

மனைவியாரின் துண்டில் ஒரே வரி: "எங்கேயாகிலும் சரி, நான் சமைக்கக்கூடாது." நாம் அதை இருமுறை வாசித்தோம். நுவரெலியாவில் அந்த நான்கு நாட்களும் கண்முன் வந்தன. நாமும் பிள்ளைகளும் போர்வைக்குள் இருக்கையில், அவர் விடியற்காலையில் புட்டு அவித்ததும், சம்பல் இடித்ததும், மாலையில் நாம் ஏரிக்கரையில் உலாவச் சென்றபோது இரவுச் சாப்பாட்டுக்காக அவர் மட்டும் பின்தங்கியதும் நினைவுக்கு வந்தன. அவருக்கு ஊர் மாறியதேயன்றி அடுப்பு மாறவில்லை.

நமது துண்டில் "சும்மா இருத்தல்" என்று எழுதியிருந்தோம். அதனை வாசித்து எல்லாரும் சிரித்தனர்.

தாயாரின் துண்டு வெறுமையாகவே இருந்தது. "எனக்கு என்ன விருப்பம்? நீங்கள் போய் வாருங்கோ" என்று அவர் வழக்கம்போற் சொன்னார். நாம் அத்தோடு விட்டிருப்போம். மகள் விடவில்லை. துண்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அப்பாச்சியின் கட்டிலில் ஏறி அமர்ந்து, "அப்பாச்சி, நீங்கள் என்னைப் போலச் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எங்கே போவீர்கள்?" என்று கேட்டாள். அரைமணி நேரங் கழித்து அவள் கொண்டுவந்த துண்டில் இரண்டு சொற்கள் இருந்தன: "கன்னியா. அம்மா."

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நமது தாயார் திருகோணமலையிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவரைப் பெற்ற அம்மா 1993 ஆம் ஆண்டு திருகோணமலையிற் காலமானார். போர் காரணமாகப் பாதை அடைபட்டிருந்த காலம் அது. கடிதம் நமது கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அக்கடிதத்தைத் தாயாருக்கு வாசித்துக் காட்டியவர் நாமே. அவர் அன்று கிணற்றடிக்குப் போய்த் தலையில் நீர் வார்த்துவிட்டு வந்து, நமக்குச் சோறு போட்டார். அதன்பின் 2002 இல் பாதை திறந்தது, மீண்டும் அடைபட்டது, 2009 இல் போர் முடிந்தபின் மறுபடியும் திறந்தது. நாம் கண்டிக்குப் போனோம், நுவரெலியாவுக்குப் போனோம். "அம்மா, உங்கள் ஊருக்கு ஒருமுறை போய் வருவோமா?" என்று ஒருநாளும் கேட்டோமில்லை. பிள்ளை கேட்டதை நாம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்கவில்லை.

அத்துண்டுகளை மேசையிற் பரப்பி வைத்தபோது, ஊர்கள் ஒன்றோடொன்று மோதினவேயன்றிக் காரணங்கள் மோதவில்லை என்பது தெரிந்தது. நிறமீன்களைக் காண நிலாவெளிக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திற் புறாத்தீவு உண்டு. 2003 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். மார்கழியில் வாடைக் காற்று வீசும்போது இதே கடலில் இறங்கவியலாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பழைய கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் கம்பியின்றி நடமாடுகின்றன. உணவோடு கூடிய அறை எடுத்தால் மனைவியாருக்கு அடுப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கன்னியா அவ்வழியிலேயே இருக்கின்றது. திருகோணமலை என்று முடிவாயிற்று.

மூத்தவன் மட்டும் முகம் வாடினான். எல்ல கிடைக்கவில்லையென்று அவன் மனம் நொந்தது நியாயமே. அதனை மறைத்து, "திருகோணமலையும் அழகுதான்" என்று சமாதானம் சொல்ல நாம் முயலவில்லை. இம்முறை விட்டுக்கொடுத்தவன் நீ, அடுத்த முறை உனது முறை என்று அவனது துண்டின் பின்புறத்தில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தோம். இயன்றதை அப்பொழுதே செய்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை அவனும் தங்கையும் புகையிரதத்தில் வருவது. மற்றவர் வானில் வந்து அவர்களை வவுனியா நிலையத்தில் ஏற்றிக்கொள்வது. சீட்டு எடுப்பதும், தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. வவுனியாவில் இறங்கி வந்தவனுடைய நடையில் ஒரு புதிய நிமிர்வு இருந்தது.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்கையில் தாயார் யன்னல் ஓரத்தில் ஒன்றும் பேசாது இருந்தார். நகரத்துக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் முன்னரே கன்னியாவுக்குத் திரும்பும் பாதை வந்ததும், "இதிலே, தம்பி, இதிலே" என்று முன்னிருக்கையைத் தட்டினார்.

கன்னியா வெந்நீரூற்று பெரிய காட்சியன்று. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள்; ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்தற்பொருட்டு உண்டாக்கியவை என்பது கர்ணபரம்பரைக் கதை. அதனாலேயே அயலூர்ச் சைவமக்கள் இறந்தோர்க்குரிய கடன்களை அங்கே செய்யும் வழக்கம் உண்டாயிற்று. தாயார் ஒவ்வொரு கிணற்றிலும் கைநனைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. "இதுதான், தம்பி, சூடு கூடின கிணறு. நான் அழ அழ அம்மா இதிலேதான் கடைசியாக வார்ப்பா" என்றார். பின்பு வாளியில் நீர் மொண்டு தம் தலையில் ஊற்றினார். ஒரு வாளி, இன்னொரு வாளி. கிணற்றடியில் அவர் அழுததை நாம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். மனைவியார் அருகே சென்று அவரது கையைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் அவரே தெளிந்து, "வா ராசா" என்று சின்னவனை இழுத்து நிறுத்தி, அவன் கூச்சலிடக் கூச்சலிட அவன் தலையிலும் வார்த்தார். அவன் கூச்சலைக் கேட்டு அவர் சிரித்தார்.

எஞ்சிய நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். படகிலே மகளுக்கு வாந்தி வந்தது. ஆயினும் மீன்களைக் கண்டாள். மான் ஒன்று சின்னவனின் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு பறித்துத் தின்றது. அவன் அழுதுவிட்டு, இன்னொரு பழம் கேட்டான். கடைச் சாப்பாடு தமக்கு ஒத்துவராது என்றிருந்த தாயார், சைவக் கடை இடியப்பமும் சொதியும் நன்றாயிருக்கக் கண்டு, மருமகளிடம் மெதுவாக, "நீ வைக்கிற சொதிக்குக் கிட்ட வராது" என்றார். மனைவியார் ஒருநாள் காலை ஒன்பது மணிவரை உறங்கினார். அவர் அவ்வாறு உறங்க நாம் மணமுடித்த பின் கண்டதில்லை.

மூத்தவனின் துண்டை நாம் மறக்கவில்லை, அவன் மறக்கவிடவுமில்லை. பரீட்சை முடிந்தபின், 2019 ஆம் ஆண்டு தைமாதத்தில், மாமாவுடன் எல்லவுக்குப் போய், பாலத்தைப் பார்த்து வந்தான்.

தாயார் 2022 ஆம் ஆண்டு சிவபதம் அடைந்தார். அவரது அந்தியேட்டியைக் கீரிமலையில் முறைப்படி செய்தோம். அன்று கடலைப் பார்த்து நின்றபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பென்சில் எழுத்து நமது கையில் வந்திராவிட்டால் இன்று நமது மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணினோம்.

அடுத்த விடுமுறைக்கும் வீடுகளில் இதே வினா எழும். பிள்ளைகள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சண்டையிடட்டும், அதில் தவறில்லை. "அங்கே போய் என்ன செய்ய விருப்பம்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். காசையும் நாளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விட்டுக்கொடுத்தவரின் முறையை எழுதி வையுங்கள். அடுக்களையிலிருந்து குரல் வராவிட்டால் அங்கே சென்று கேளுங்கள். "எனக்கு எங்கேயும் வேண்டாம்" என்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை ஒருமுறை கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு முறை, பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். உங்களுக்குக் கேட்கத் தெரியாவிட்டால், வீட்டிலுள்ள சிறுபிள்ளையை அனுப்புங்கள்.